திரையில் மறைந்த குற்று

கலைப்பீடத்து மாணவனொருவன் கணினித் திரையைப் பற்றிக் கட்டுரை எழுத முற்படுவது சிலருக்கு அத்துமீறலாகத் தோன்றக்கூடும். மகாவலிக்கு அப்பாலுள்ள பொறியியற் பீடத்து நண்பர்கள் இதனைப் படித்துப் புன்னகைப்பர்; புன்னகைக்கட்டும். எனக்கும் இப்பொருளுக்கும் ஏற்பட்ட உறவு அறிவுத் தேட்டத்தால் விளைந்ததன்று. நான் இழைத்த ஒரு தவற்றினால் விளைந்தது. அத்தவற்றை இன்றுவரை உரியவரிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் வீடு வடமராட்சியில் உள்ளது. முன்விறாந்தையில், மழைச்சாரல் படாத மூலையில், ஒரு மேசையும் அதன்மேல் ஒரு கணினியும் இருக்கின்றன. அதுவே அம்மாவின் தொழிற்கூடம். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், தனியார் கல்வி நிலைய வினாத்தாள் என ஊரவர் கொண்டுவரும் கையெழுத்துப் பிரதிகளை அம்மா தட்டச்சிட்டுப் பக்கமாக்கிக் கொடுப்பார். அவரிடம் மிகுதியாக வருவது கல்வெட்டு. பிற மாவட்ட நண்பர்களுக்காக இதனை விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு எனப்படுவது வரலாற்றுத்துறையார் படியெடுக்கும் சாசனமன்று. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நிறைவெய்தியபின், வந்தவர்க்கு மதிய உணவோடு கையளிக்கப்படும் நினைவு மலரே கல்வெட்டு. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவார திருவாசகங்கள், வம்சாவளி, நன்றி நவிலல் என்பன அதில் இருக்கும். முப்பத்தொரு நாள் என்பது நகராத எல்லை. அச்சகத்தார்க்கு விட வேண்டிய நாள்களைக் கழித்து, உறவினர் எழுதித் தருவதற்குக் கடத்தும் நாள்களையும் கழித்தால் அம்மாவுக்கு மிஞ்சுவது ஒரு கிழமையே.

அம்மாவின் கணினி பழையது. அதில் இருப்பது விண்டோஸ் ஏழு. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பக்கம் அமைப்பதற்கு அவர் கையாள்வது பேஜ்மேக்கர். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் கதை முடிந்தது. எழுத்துருவோ பாமினி. யூனிகோட் யுகத்தில் இவை யாவும் தொல்பொருள்கள் என்று நான் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் அவருடைய பத்து விரல்களும் அந்த விசைப்பலகையை அறிந்திருந்தன. பாமினியில் மெய்யெழுத்துக்குக் குற்று இடும் விசை, ஆங்கில விசைப்பலகையில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் உள்ளது. வலக்கைச் சுண்டுவிரலுக்குரிய விசை அது. தமிழில் குற்று இல்லாத வரி அரிது. ஐந்து விரல்களில் மெலிந்த விரலுக்கு அத்துணை வேலை!

இன்னொரு நுட்பமும் உண்டு. பாமினியில் தட்டுவோர் பலரும் 'ர்' என்னும் எழுத்தை, அரவு எனப்படும் காலை இட்டு அதன் தலையில் குற்றை வைத்து ஆக்குவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் குற்று விழாவிட்டால் 'ர்' என்பது 'ா' ஆகிவிடும். 'அவர்கள்' என்பது 'அவாகள்' ஆகும். ஈழத்து அச்சுப் பிரதிகளைப் படிப்போர் இந்த 'அவாகளை' எத்தனையோ முறை சந்தித்திருப்பர்.

2023 நவம்பரில் அம்மாவின் பழைய சதுரத் திரை கைவிட்டது. பின்னொளி மங்கி மங்கி ஒருநாள் அணைந்தே போயிற்று. அம்மா தொலைபேசியில் அதனை ஒரு செய்தியாகவே சொன்னார், உதவி கேட்கவில்லை. மகாபொலப் பணத்தில் மிச்சம் பிடித்திருந்ததைக் கொண்டு, கண்டியில் பாவித்த பொருள்கள் விற்கும் கடையொன்றில், இருபத்திரண்டு அங்குல அகலத்திரையொன்றை வாங்கினேன். பெட்டி இல்லை, இறுவட்டு இல்லை, உத்தரவாதம் ஒரு கிழமை. டிசம்பர் விடுமுறை தொடங்கிய அன்று அதனைப் படுக்கைவிரிப்பில் சுற்றி, யாழ்ப்பாணம் செல்லும் இரவுப் பேருந்தில் மடிமீது வைத்துக்கொண்டு சென்றேன். வவுனியா தாண்டிய பின்னும் நான் கண்ணயரவில்லை.

வீடு சேர்ந்த அன்று மாலை பெருமழை. மின்சாரமும் நின்றிருந்தது. மின்சாரம் வரும்போது திரை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற அவசரத்தில், மேசைக்கடியில் குனிந்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில், திரைக்குரிய வயரைக் கணினியின் பின்புறத்தில் செருகினேன். முதலில் அது செல்லவில்லை. ஏதோ தடுத்தது. சற்றுத் திருப்பி மேலும் அழுத்தினேன், சென்றது. இரு மருங்கிலுமுள்ள திருகாணிகளை இறுக்கினேன். இரவு எட்டு மணியளவில் மின்சாரம் வந்தது; படமும் வந்தது. அம்மா இரு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு அந்தப் பெரிய நீலப் பரப்பைப் பார்த்து நின்றார். அந்த ஒரு கணத்துக்காகவே நான் முந்நூறு கிலோமீற்றர் அதனைச் சுமந்து சென்றேன் என்று எனக்குத் தோன்றிற்று.

மறுநாட் காலை அம்மா என்னை அழைத்தார்.

"தம்பி, குத்தெல்லாம் மங்கிப் போய்க் கிடக்குது. பழைய திரையிலை இப்பிடி இல்லை."

பார்த்தேன். எழுத்துகள் யாவும் பக்கவாட்டில் கொழுத்து, குட்டையாகி, ஓரங்களில் சாம்பல் பூத்திருந்தன. நான் எதனை எப்படிச் சரிசெய்வது என்று அறியாதவன். ஆயினும், பல்கலைக்கழகத்திற் படிக்கும் மகன் அறியாதிருத்தல் ஆகாது என்ற ஒரு வீம்பு என்னிடம் இருந்தது. திரையின் அளவுகளைக் காட்டும் பகுதிக்குச் சென்றேன். கடைக்காரர் சொன்னபடி அத்திரை அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் கொண்டது. கணினியோ அதற்கு 1024, 768 என்ற அளவில் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைவிடக் கூடிய அளவுகளும் பட்டியலில் இருந்தன. ஆனால் 1920 என்ற எண் எங்கும் இல்லை.

பழைய கண்ணாடிக்குழாய்த் திரைகளில் இது பெருங்குறையன்று. அங்கே இலத்திரன் கற்றை தனக்குக் கிடைத்த அளவில் படத்தைத் தீட்டிவிடும். தட்டைத் திரையின் இயல்பு வேறு. அதன் படப்புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணி வைக்கப்பட்ட கலங்கள். அவை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 768 வரிகளில் வரும் படத்தை 1080 வரிகளில் நிரப்ப வேண்டுமாயின் ஒவ்வொரு வரியையும் ஏறத்தாழ 1.4 மடங்காக்க வேண்டும். ஒரு கலத்தை ஒன்றரைக் கலமாக வெட்ட இயலாதாகையால், திரை இடையிடையே சாம்பல் நிறத்தை இட்டு ஒப்பேற்றுகின்றது. அகலத்திலோ 1.9 மடங்கு. இரண்டும் ஒவ்வாதவையாகையால் எழுத்துகள் கொழுத்தன. பெரிய எழுத்துகள் இந்த வதையைத் தாங்கிக்கொள்ளும். வம்சாவளியில் இடும் எட்டுப் புள்ளி அளவுள்ள சிற்றெழுத்தில் குற்றென்பது ஒரேயொரு படப்புள்ளி. அது சாம்பலோடு சாம்பலாகக் கரைந்துபோகும்.

இவையெல்லாம் பின்னர் அறிந்தவை. அன்று நான் கண்ட முடிவு ஒன்றே: இத்திரைக்குரிய மென்பொருள் கணினியில் இல்லை, அதனைத் தேடி நிறுவினால் எல்லாம் சரியாகும். கணினிக்காரர் அதனை டிரைவர் என்பர். நம் நாட்டுப் பேருந்துகளில் எழுதியிருப்பதைப் போல 'சாரதி' என்று தமிழாக்கலாம் என எண்ணி எனக்குள் மகிழ்ந்தேன். அத்தகைய மகிழ்ச்சிக்கு உரிய வேளையன்று அது.

பொறியியற் பீடத்து நண்பனொருவனைத் தொலைபேசியில் அழைத்தேன். பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த அவன், கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் இடத்தில் திரைக்கு நேரே என்ன பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டான். 'ஜெனரிக் நொன் பிஎன்பி மொனிற்றர்' என்று வாசித்தேன். பெயரறியாப் பொதுத் திரை என்பது அதன் பொருள்.

"மச்சான், அது தான் ஆரெண்டு சொல்லேல்லை. வயரைப் பார்" என்றான்.

"வயர் பிழையெண்டால் படமே வராதே" என்றேன் நான்.

அவனுக்கு என்னோடு வாதிட நேரமில்லை.

பின்வந்த மூன்று நாள்களை விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. திரையை ஆக்கிய நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த மாதிரிக்குரிய கோப்புப் பொதி கிடைத்தது. நிறுவினேன். பட்டியலில் திரையின் பெயர் மாறியது, எழுத்துகள் மாறவில்லை. பின்னர் 'இத்திரையாற் காட்ட இயலாத அளவுகளை மறைக்க' என்னும் பொருள்படும் பெட்டியிலிருந்த சரியடையாளத்தை நீக்கிவிட்டு, பட்டியலிற் கண்ட பேரளவொன்றைத் தெரிவுசெய்தேன். திரை இருண்டு, எல்லைக்கு அப்பாற்பட்ட சமிக்ஞை என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் மட்டும் மிதந்தது. நாம் சம்மதம் தெரிவிக்காவிட்டால் விண்டோஸ் பதினைந்து விநாடிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை நான் அப்போது அறியேன். அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். அப்பதினைந்து விநாடிகளும் நீண்டவை.

அதன்மேலும் நான் அடங்கவில்லை. கணினியிலுள்ள டிரைவர்கள் யாவற்றையும் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருளொன்றை இறக்கினேன். அது எம் கணினியில் பதினேழு குறைகள் உள்ளன என்று சிவப்பெழுத்தில் அறிவித்து, தீர்க்கக் காசு கேட்டது. ஒன்றை மட்டும் மாதிரிக்குத் தீர்த்துத் தந்தது. தீர்த்தது வரைகலைக்குரிய டிரைவரை. கணினியை நிறுத்தி மீளத் தொடக்கியபோது திரை மீண்டும் இருண்டது. இம்முறை பதினைந்து விநாடிகளில் ஒளி திரும்பவில்லை. தொடங்கும்போது எப் எட்டு விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு பட்டியல் வரும் என்றும், அதில் தாழ்ந்த அளவில் திரையைத் தொடக்கும் வழி உண்டென்றும் நள்ளிரவில் எங்கோ படித்து, அவ்வழியே உட்புகுந்து, புதிய டிரைவரைப் பின்வாங்கச் செய்து, ஒருவாறு பழைய மங்கலுக்கு வந்து சேர்ந்தேன். அந்த மங்கல் அன்றிரவு எனக்குப் பேரின்பமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் அம்மா மீண்டும் குற்றைப் பற்றிச் சொன்னபோது என் பொறுமை போயிற்று.

"அம்மா, திரையிலை ஒண்டுமில்லை. உங்கடை கண்ணாடிதான் பழசு. ஒருக்காக் கண்ணைச் சோதிச்சுப் பாருங்கோவன்."

அம்மா மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் பேருந்தில் நெல்லியடிக்குச் சென்று கண்ணைச் சோதித்து, புதிய கண்ணாடிக்கு முற்பணமும் கட்டிவிட்டு வந்தார். தாம் சேர்த்து வைத்திருந்த பணம் எவ்வளவு அதற்குச் சென்றது என்பதை நான் கேட்கவில்லை; கேட்கும் தைரியம் இப்போதும் இல்லை.

அந்தக் கிழமையில்தான் ஒரு கல்வெட்டு வந்தது. இறந்தவர் அம்மாவுக்கு அரிவரி வகுப்பிற் கற்பித்த ஆசிரியை. மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கியவர் அவரே என்று அம்மா சொல்வதுண்டு. ஏனைய வேலைகளை ஒதுக்கிவிட்டு அம்மா அதில் இறங்கினார். படி எடுத்து வீட்டாரிடம் காட்டித் திருத்தியும் முடித்துவிட்டார். திருத்தப் படியைத் தாளில் பார்த்தபடியால் அதுவரை பிழையேதும் நேரவில்லை. அச்சகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நாளுக்கு முந்திய இரவு பத்து மணிக்கு, கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. வம்சாவளியில் ஆசிரியையின் தமையனார் கிளை விடுபட்டுப்போயிற்று. ஏழு வரிகள் சேர்க்க வேண்டும்.

அம்மா சேர்த்தார். வம்சாவளி நெருக்கமான பக்கம். ஒரு பெயரை நுழைத்தால் மற்றவற்றை நகர்த்த வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் கிளைகள் திரைக்கு வெளியே ஓடிவிடும். முழுப் பக்கமாகப் பார்த்தால் எழுத்துத் தெரியாது. மைக்குழல் தீரும் நிலையில் இருந்தபடியால் மறுபடியும் தாளில் எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும், திரைக்கு ஒரு சாண் கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அம்மா வாசித்த காட்சியை, உள்ளறையில் படுத்திருந்த நான் கதவிடுக்கால் பார்த்தேன். எழுந்து சென்று நானும் ஒருமுறை வாசித்திருக்கலாம். எழுந்து செல்லவில்லை.

அச்சாகி வந்தவை இருநூறு பிரதிகள். அம்மா வழக்கம்போல் முதற் பிரதியை எடுத்து, பென்சிலும் கையுமாக விறாந்தைப் படியில் அமர்ந்தார். வம்சாவளிப் பக்கத்தில் பென்சில் நின்றது. ஆசிரியையின் தமையனார் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'அமரா' என்றிருந்தது. இரண்டு வரி தள்ளி, 'அவர்கள்' என்பது 'அவாகள்' ஆகியிருந்தது.

இலக்கணம் படிக்கும் எனக்கு அக்கணத்திலும் ஒரு வேண்டாத எண்ணம் எழுந்தது. ஒரு குற்று நீங்க, எழுவாய் விளியாகிவிட்டது. இறந்தவரைக் குறித்த சொல், இறந்தவரைப் பெயர்சொல்லி அழைப்பது போலாகிவிட்டது. மெய்க்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியர் விதித்திருக்கவும், ஏடெழுதினோர் பெரும்பாலும் அதனை இடாமலே சென்றனர். அந்தப் புள்ளியில்லா ஏடுகளை வைத்துக்கொண்டே எமது சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். எது மெய், எது உயிர்மெய், எது கால், எது ரகரம் என்று வரிதோறும் ஒருவர் தம் அறிவால் முடிவுசெய்ய வேண்டியிருந்த பணி அது. விரிவுரை மண்டபத்தில் இதனைக் கேட்கும்போது ஓர் அரிய செய்தியாகக் குறித்துக்கொண்டேன். படியில் அமர்ந்திருந்த அம்மாவின் பென்சில் நுனியைப் பார்த்தபோதுதான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது.

"ரீச்சர் இருந்தால் காதிலை பிடிச்சிருப்பா" என்றார் அம்மா. சிரிக்கத்தான் முயன்றார்.

கிரியைக்கு ஒருநாள் இருந்தது. மீள அச்சிடக் காலமுமில்லை, பணமுமில்லை. வீட்டாருக்கு அம்மா தாமே சென்று சொன்னார். அவர்கள் பெருந்தன்மையுடையோர், யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டனர். அம்மா விடவில்லை. கறுப்பு மைப்பேனைகள் இரண்டை வாங்கிவரச் செய்தார். அன்றிரவு இருநூறு பிரதிகளையும் பாயில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் அதே பக்கத்தைப் பிரித்து, இரண்டிரண்டு குற்றுகளாக, நானூறு குற்றுகளையும் நாங்கள் இருவருமாக இட்டோம். மை காய்வதற்கு முன்னர் மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொள்ளும். ஆதலால் பிரித்த பிரதிகளை விறாந்தை முழுவதும் பரப்பி, காற்றுக்குப் பறவாதபடி ஒவ்வொன்றின் மேலும் ஏதாவதொன்றை வைத்தோம். கல் போதவில்லை, தேங்காய், செருப்பு, அம்மாவின் செப்புக் குடம் எல்லாம் வைத்தோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. முதலில் நான் இட்ட குற்றுகள் பெரிதாயிருந்தன. அம்மா ஒன்றும் சொல்லாமல் தாம் இட்ட ஒன்றை என்னருகே தள்ளி வைத்தார். பேனையை அழுத்தாமல், தாளில் தொட்டு எடுக்க வேண்டும்.

மறுநாட் காலை அயல்வீட்டு மாமா வந்தார். வானொலி திருத்துபவர். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி அயலவர்க்குச் செய்தி கேட்பித்த கைகள் அவருடையவை. கணினியைப் பற்றி அவர் அதிகம் அறிந்தவரல்லர். விறாந்தையில் கிடந்த பிரதிகளையும் தேங்காய்களையும் கண்டு காரணம் கேட்டார். நான் மூன்று நாள் பட்ட பாட்டையும், மென்பொருள்களின் பெயர்களையும், விண்டோஸ் பழையதாகிவிட்டதையும் விரிவாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு,

"வயரைக் கழட்டிப் பாத்தனியோ?" என்றார்.

"படம் வருகுதுதானே மாமா."

"படம் வாற கம்பி வேறை, மற்றதுகள் வேறை. கழட்டு."

கழற்றினேன். அவர் அதனை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். மூன்று வரிசைகளில், ஐந்தைந்தாகப் பதினைந்து ஊசிகளுக்குரிய இடங்கள் இருந்தன. நடு வரிசையில் ஒன்று இல்லாதிருப்பதைக் கண்டு, "இதோ, ஒன்று முறிந்திருக்கிறது" என்று நான் விரைந்தேன்.

"அது செய்யேக்கையே விடுறது. கன வயரிலை இராது. கடைசி வரிசையைப் பார்."

கடைசி வரிசையில் ஓரத்திலிருந்து இரண்டாவது ஊசி, மற்றவை நிமிர்ந்து நிற்க, தான் மட்டும் அடிமட்டத்தோடு படுத்துக் கிடந்தது. அதனைக் கண்ட மாத்திரத்தில், மழை மாலையில் மேசைக்கடியில் என் கைக்குத் தட்டுப்பட்ட அந்தத் தடையும், அதனைப் பொருட்படுத்தாது நான் அழுத்தியதும் என் விரல்களில் மீண்டும் தெரிந்தன.

மாமா மை தீர்ந்த பேனையொன்றின் உட்குழலை வெட்டி, அதன் வெற்றுத் துளையை ஊசியில் மெல்லச் செருகி, பால்பல்லை ஆட்டுவது போல, சிறிது சிறிதாக நிமிர்த்தினார். முறிந்தால் முடிந்தது என்று அவரே சொன்னார். முறியவில்லை. மீளச் செருகிக் கணினியைத் தொடக்கினோம். திரை ஒருமுறை இருண்டு ஒளிர்ந்தது. யாரும் எதையும் நிறுவாமலே, யாரும் எந்த அளவையும் தெரியாமலே, 1920, 1080 என்ற அளவு தானாக அமைந்தது.

நடந்தது என்னவென்று பொறியியற் பீடத்து நண்பன் விடுமுறைக்குப்பின் விளக்கினான். 1987இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகம் செய்த இந்த வீஜிஏ இணைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும், படத்தின் கிடை, நிலை ஒழுங்குகளுக்கும் தனித்தனி ஊசிகள் உண்டு. அவை கணினியிலிருந்து திரைக்குச் செல்லும் வழி. பின்னர், 1994இல், திரையிலிருந்து கணினிக்கு மறுமொழி செல்லவும் ஒரு முறை வகுக்கப்பட்டது. வெசா என்னும் தர நியம அமைப்பு வகுத்த அம்முறைப்படி, ஒவ்வொரு திரையும் 128 பைற்றுகள் கொண்ட ஒரு சிறு தன்வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கும். தன்னை ஆக்கியவர் யார் என்பது மூன்று எழுத்துகளில். பிறந்த ஆண்டு 1990இலிருந்து எண்ணிய எண்ணாக. தன் நீள அகலம் சென்ரிமீற்றரில். தனக்கு உகந்த படப்புள்ளி அளவு எது என்பது யாவற்றிலும் முக்கியமாக. கடைசிப் பைற்று ஒரு காவலன். 128 எண்களையும் கூட்டினால் 256 ஆல் மீதியின்றிப் பிரிபடும்படி அது அமைந்திருக்கும். பிரிபடாவிட்டால் வழியில் ஏதோ சிதைந்துவிட்டது என்று கணினி உணரும். கிட்டத்தட்ட ஒப்புநோக்குவோர் வேலைதான்.

இந்தத் தன்வரலாறு பயணிக்கும் ஊசி பன்னிரண்டாவது. நான் வளைத்தது அதனையே. நிறங்கள் குறைவின்றிச் சென்றன, படம் வந்தது. திரை தன்னைப் பற்றிச் சொன்னது மட்டும் கணினியைச் சென்றடையவில்லை. மறுமொழி கிடைக்காத கணினி, எந்தத் திரைக்கும் தீங்கு நேராத ஒரு பொது அளவைத் தானே முடிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தது. நான் இறக்கி நிறுவிய அந்த மொனிற்றர் மென்பொருளையும் பின்னர் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து பார்த்தேன். இயங்கும் நிரலென்று அதில் ஒரு வரியும் இல்லை. முதன்மையான கோப்பு, திரையின் பெயரும் சில எண்களும் எழுதிய வெறும் உரைத்தாள். மற்றையவை ஒரு நிறக் குறிப்பும், நிறுவனத்தாரின் கையொப்பம் போன்றதொரு சான்றுமே. திரையே தன் வாயாற் சொல்லக்கூடியதை எழுதி வைத்த ஒரு துண்டு அது.

அன்று மாமா சென்றபின் அம்மா வம்சாவளிப் பக்கத்தைத் திரையில் திறந்தார். குற்றுகள் இருந்தன, இல்லாத இரு இடங்களும் இல்லையென்று தெளிவாகத் தெரிந்தன. அவற்றை இட்டுச் சேமித்தார். இனி அந்தக் கோப்பு எவருக்கும் தேவைப்படாது என்பதை நான் சொன்னபோது, "அப்பிடியெண்டு பிழையோடை விடுறதே" என்று கேட்டார். எழுத்தின் விளிம்பைத் தெளிவாக்கும் கிளியர்ரைப் என்னும் கருவியையும் திறந்து கொடுத்தேன். இரண்டிரண்டாகவும் ஆறாறாகவும் மாதிரிகளைக் காட்டி, எது தெளிவு என்று அது கேட்கும். மாதிரிகள் யாவும் ஆங்கில எழுத்துகள். அம்மா ஆங்கில 'ஐ' எழுத்தின் தலைப்புள்ளியை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்துகொண்டு போனார்.

நெல்லியடியிலிருந்து புதிய கண்ணாடி வந்தது. அம்மா ஒருநாள் மாட்டிப் பார்த்தார். பழையதே போதும் என்று பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்தக் கல்வெட்டுக்குரிய கூலியில் பாதியை அவர் வாங்கவில்லை.

ஊசியை வளைத்தது யார் என்று மாமா கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. பாவித்த சாமானென்றால் இப்படித்தான் என்று அம்மா பொதுவாகச் சொன்னார், நான் மறுக்கவில்லை. அவர் அறிவாரா, அறிந்தே அப்படிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த விடுமுறையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "பின்பக்கம் நான் துடைக்கிறன், நீ முன்னாலை துடை" என்றார்.

இம்மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துச் செல்வேன். அம்மா வழக்கம்போல் விறாந்தைப் படியில் அமர்ந்து, முதலில் பென்சிலைத் தேடுவார். நான் எழுதியதில் எத்தனை இடங்களில் குற்று விழவில்லை என்பதைப் பார்த்து முடித்தபின்னரே, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பதைப் படிப்பார்.